சிவப்பில்லாத பக்கம்

சிவப்பு நிறத்தோடு எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, ஐயா. என்னுடைய மோட்டார் சைக்கிள்கூடச் சிவப்புத்தான்.

கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் கைத்தொலைபேசிக்கு வரைபடம் செய்கிறோம். பச்சை என்றால் துப்புரவாக்கிய நிலம். சிவப்பு என்றால் கால் வைக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தான் எல்லைக் கட்டை நடுவார்கள்.

நாங்கள் ஒரு வரியை மாற்றினாலும் கணினி தானாகவே மென்பொருளைப் புதிதாகக் கட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் செய்து, முடிவை ஒரு பக்கத்தில் போடும். முந்நூறு வரி வரும். ஒருவரும் வாசிப்பதில்லை. அதை வாசிக்கச் சுலபமாக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். நன்றாகவே செய்தேன். சரியானது பச்சை, பிழையானது சிவப்பு.

அங்கேதான் கரைச்சல் தொடங்கியது. எங்கள் மேலாளர் ஜெயந்தன், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்கு நடுவால் பள்ளிக்கூடம் போனவர். திரையில் சிவப்பைக் கண்டால் "நிப்பாட்டுங்கோ" என்பார். எழுத்துக் கொஞ்சம் சிறுத்த பிழைக்கும் ஒரு கிழமை வேலையை நிப்பாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே வளர்ந்த எல்லோருக்கும் அந்தப் பயம் காலில் இருக்கிறது.

ஆகவே சிவப்பை மஞ்சளாக்கினேன். மஞ்சளையும் ஏன் என்று கேட்டார். பிறகு பிழையான சோதனைகளையெல்லாம் 'மற்றவை' என்ற சிறு பொத்தானுக்குள் மடித்து வைத்து, மேலே 'எல்லாம் சரி' என்று பச்சையில் எழுதினேன். பக்கம் அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நிதர்சனா மட்டும் முகத்தைச் சுளித்தாள். எல்லைச் சோதனையை எழுதியவள் அவள். ஒரு காணியின் எல்லையைத் திருத்தினால், பச்சை சில வேளை மேற்கே ஆறு மீற்றர் தள்ளி விழும். அதைப் பிடிக்கிற சோதனை அது.

"அண்ணா, அதை உள்ளுக்க போடாதேங்கோ. ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"பாக்க விருப்பமெண்டா அமத்திப் பாக்கலாம்தானே," என்றேன்.

அடுத்த மாதமே அவள் கொழும்புக்கு வேலை மாறிப் போனாள்.

நெடுங்கேணிப் பக்கம் கதிர்காமநாதன் ஐயாவின் காணியைக் கையளித்த அன்று நானும் போயிருந்தேன். யுத்தம் முடிந்த நாளிலிருந்து அந்த இரண்டு ஏக்கருக்காக அலைந்தவர். வேட்டியை மடித்துக் கட்டி, வேலிக்கு நடும் கதியால் தடிகளோடு நின்றார். புதுக் கட்டைகளுக்கு இப்பால் நின்றபடி என்னிடம் கேட்டார்:

"தம்பி, பச்சைதானே? இறங்கட்டே?"

"ஓம் ஐயா, பச்சை. இறங்குங்கோ."

மேற்கு வேலியில் மூன்றாவது கதியாலுக்குக் குழி தோண்டும்போது வெடித்தது. அவரைத் துணியில் சேர்த்துத்தான் எடுத்தார்கள். அவருடைய மகள் யதுர்ஷிகா இன்னும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். அப்பாவின் ஆசையை நிறைவேற்றி வைத்த தம்பியாம்.

பக்கம் பச்சை காட்டியதால் நானும் ஏமாந்தேனா என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டீர்கள், ஐயா. இல்லை. அன்று காலை புறப்படும் முன் 'மற்றவை'யை அமத்திப் பார்த்தேன். சொன்னால் ஜெயந்தன் எல்லாவற்றையும் நிறுத்துவார், கிழவர் இன்னும் ஒரு வருடம் அலைவார். அந்தப் பாவம் எனக்கு எதற்கு என்று இரக்கப்பட்டேன். அவருடைய காணி இலக்கம், மேற்கு எல்லை, ஆறு மீற்றர் பிழை. எல்லாம் ஒரே வரியில் இருந்தன. வாசிக்க மிகச் சுலபமாக இருந்தது.