பூச்சி அறை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் கூட்டம் நெரியும். 'தொடாதீர்கள்' என்ற பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் முரசுப் பக்கமே போவார்கள். நான் யாரையும் அதட்டியதில்லை. பழுது பார்க்கிறவனுக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், நரம்பு அறுந்துபோகும். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான் கோபக்காரன் இல்லை.

அன்று மாப்பிள்ளை குடும்பத்தோடு வந்திருந்தார். என் தங்கையின் கணவர், மேடைக் கலைஞர். அவர் வில் போட்டு வாசித்துப் பேர் வாங்கிய பத்தொன்பது நரம்புக் கருவி நான் யோசித்து, நான் செய்தது. அதன் மேல்பலகையை மட்டும் ஏழு முறை இழைத்தேன். தங்கை கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு.

அதை அவர் போன மாதம் எங்கள் அருங்காட்சியகத்துக்கே கொடையாகக் கொடுத்திருந்தார். படிவம் சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர். கீழே சாட்சிக் கையெழுத்து தங்கையுடையது.

அவளிடம் கேட்டேன்.

"விடுண்ணா. உள்ள உக்காந்து வேலை பாக்குறவங்க பேரை யாரு படிக்கப் போறாங்க? அவர் பேருன்னா நாலு பேர் நின்னு பாப்பாங்க."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. "சரிம்மா" என்றேன்.

மரத்துக்குள் புழு இருக்கும். அதனால் எந்தக் கருவியையும் காட்சிக்கு வைக்குமுன் காற்றுப் புகாத அறையில் பூட்டி, உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்புவோம்; மூச்சடைத்துப் புழு செத்துவிடும். பூச்சி அறை என்று பேர். அதன் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. மேலதிகாரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தபின் மூன்றாவது எழுதவில்லை.

தங்கையும் பிள்ளைகளும் மணிக்கூடத்தில் ஒவ்வொரு மணியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"மச்சான், நம்ம கருவி எங்க? ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

நம்ம என்றார், கவனியுங்கள்.

"உள்ள இருக்கு மாப்பிள்ளை. படி தடுக்கும், பாத்துப் போங்க" என்று விளக்கைப் போட்டுக் கொடுத்தேன்.

கனமான கதவு. சாத்தினால் சத்தமே வராது. நைட்ரஜன் விசையைத் திருப்பினேன். முதலில் சிரித்தார். "மச்சான், விளையாடாதீங்க." அப்புறம் தட்டினார். தாளம் பிசகாத மனிதர், கடைசியில்தான் பிசகியது.

திட்டமிட்ட கொலை என்கிறீர்கள். அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் தங்கை கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தட்டல் ஓயும்வரை நான் கதவில் காதை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. தங்கை புருஷனாயிற்றே.