முனகலுக்கு ஒரு பாடம்

ரெட்டியார்சத்திரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி அரபி ஆசிரியர் போலிருந்தது.

"அத்தா வலியில முனகுறத ரெக்கார்டு பண்ணி, மதரசா குரூப்புல போட்டிருக்க?"

"பாடத்துக்காகத்தான்க்கா. முனகலுக்கு அரபியில அம்புட்டு வார்த்தை இருக்கு. சீக்காளி முனகுனா அனீன். காதுல கேட்டாத்தான பசங்களுக்குப் புரியும்."

"பெத்த அத்தா என்ன ஒனக்குப் பாடப் புஸ்தகமா?"

"பேரு போடலக்கா."

அவள் கத்தியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ரெக்கார்ட அத்தாவே கேட்டுட்டாருடா! இப்ப நீ வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே, சத்தம் வெளிய வராமத் தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. அதுக்கு என்ன வார்த்தை வச்சிருக்க, சொல்லு."