ஆணியில் தொங்கும் முனி

— போர்டுல கருப்பையா பேரை எழுதினீங்கன்னா, அந்தப் போர்டைப் புடுங்கி என் தேத்தண்ணிக்கடை அடுப்புல வெச்சிருவேன், நிலுக்ஷி. வெளங்குதா?

— பொன்னையா அண்ணே, நான் ஹோட்டல்ல சம்பளத்துக்கு இருக்கிறவ. எழுதச் சொன்னதை எழுதுறேன். இந்தப் பழைய தங்கக் குழியைப் பார்க்க வர்ற வெள்ளைக்காரங்களுக்கு, இந்த பஜார் எப்படி இருந்துச்சு, ஏன் செத்துப்போச்சுன்னு ஒரு கதை வேணுமாம்.

— தங்கம் இல்ல, செத்துப்போச்சு. அவ்வளவுதான். எழுதுங்க.

— அதை வாசிக்க யாரு மடுல்சீமையில இருந்து இம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டு வருவா?

— இருந்த காலத்துலயும் ஒண்ணும் கொட்டிக் கெடக்கல. தொரை மலையைக் குடைஞ்சாரு. வந்த தங்கம் அவரு பொஞ்சாதிக்குப் பல்லு கட்டவே காணாது. அதுக்குள்ள சாராயக் கடை ரெண்டு, நகைக் கடை ஒண்ணு, குதிரைக்கு லாயம். இப்ப ஹிஷாம் நானா கடை, என் கடை, பஸ் திரும்புற எடம்.

— நானா வேற மாதிரிச் சொன்னாரே. கருப்பையான்னு ஒருத்தன் கெடைச்ச பெரிய கட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தியாவுக்கு ஓடிட்டான், அந்தக் கோவத்துல தொரை குழியை மூடிட்டாருன்னு.

— கருப்பையா என் பூட்டன்.

— ஐயோ, எனக்குத் தெரியாது அண்ணே.

— தெரியாத ஆளு இங்க நீங்க ஒருத்தர்தான். எங்க வூட்டுக்கே பேரு 'பதினேழு'. குழியில பூட்டனோட நம்பர் அது. ஸ்கூல்ல பென்சில் காணாமப் போனா, 'பதினேழோட பையைப் பாருங்க சேர்'னு கத்துவானுங்க. போன மாசம் என் மக மதுஷாவைப் பொண்ணு பார்க்க பூனாகலையில இருந்து வந்தாங்க. பலகாரத்தை நல்லாத் தின்னாங்க. 'ஓ, பதினேழா?'ன்னாங்க. எந்திரிச்சுட்டாங்க. களவாணிக் குடும்பம்னு எங்களைச் சொல்லிட்டு, ஒருத்தன் என் குடையைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

— சிரிக்க வைக்காதீங்க அண்ணே. சரி, பேரு வேணாம். வேற ஏதாவது குடுங்க, சரியா? இந்தக் குழி வாசல்ல இருக்கிற முனியைப் பத்திச் சொல்லுங்க. செலையைக் காணோம். ஆணியில ஏதோ கறுப்பாத் தொங்குது, அவ்வளவுதான்.

— அதுதான் முனி. பித்தளை வில்லை. அந்தக் காலத்துல குழிக்குள்ள எறங்குற ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் வெட்டின வில்லை ஒண்ணு இருக்கும். போறப்ப வாசல் ஆணியில மாட்டணும். வெளிய வந்தா எடுத்துக்கிட்டுப் போவணும். ஆணியில வில்லை கெடந்தா, 'உள்ள ஆள் இருக்கு'ன்னு கங்காணி கத்துவாரு. வேட்டு வெக்க மாட்டாங்க.

— இது யாரோட வில்லை?

— முனியோடதுதான். காவலுக்கு அவரும் எறங்கணும்ல? காலையில மொதல் வில்லையை அவருக்குத்தான் மாட்டுவாங்க. அதுல நம்பர் இருக்காது. குழி மூடின பொறவு இது ஒண்ணுதான் வேட்டுப் புகையில கறுத்துப்போய் இங்க தொங்கிக்கிட்டு இருந்துச்சாம். கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பூசை எங்க வூடு.

— களவாணி வூட்டுக்கா பூசையைக் குடுத்தாங்க?

— மத்தவங்களுக்கு முனிகிட்ட வரப் பயம். எங்களுக்குப் போறதுக்கு இன்னும் என்ன இருக்கு?

— நல்லா இருக்கு, இதையே எழுதுறேன். ஒரு படம் எடுத்துக்கவா? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, ஒண்ணுமே தெரியலயே. கழுவுவோமா?

— கழுவுற வழக்கம் இல்ல. எண்ணெய் பூசுவோம், குங்குமம் வெப்போம். மேலுக்கு மேல.

— படம் இல்லாமப் போனா மேனேஜர் நானாவோட கதையையே போடுன்னுவாரு அண்ணே.

— கெட்டிக்காரிதான் நீங்க. சாமி தட்டுல தேசிக்காய் இருக்கு, அதை எடுங்க, அந்தப் புளிப்புக்குப் பித்தளை வெளுக்கும். செம்பையும் இப்படிக் குடுங்க. குழிக்குள்ள கல்லுடைக்கிற சத்தம் நின்னுருச்சே, என்ன?

— எங்க ஹோட்டல் ஆளுங்க தொளை போட்டு முடிச்சிட்டாங்க. அடைச்சுக் கெடக்கிற எடத்தை இப்ப வேட்டு வெச்சுத் திறக்கப் போறாங்க. விசில் அடிச்சா நாம றோட்டுக்குப் போயிறணும்.

— தொரை அடைச்ச எடமா?

— ஆமா. அதுக்கு அங்கால யாரும் போனதே இல்லயாம்.

— எப்படிப் போவாங்க? பூட்டன் ஓடின அன்னைக்கே வேட்டு வெச்சு அடைச்சுட்டாருல்ல. அம்புட்டுக் கோவம்.

— நல்லாத் தேய்ங்க அண்ணே. வருது, மஞ்சளா வருது. நம்பர் இல்லன்னீங்களே?

— முனி வில்லையில இருக்காது.

— ஏதோ வெட்டியிருக்கே. இந்தா, இந்தக் கோடு.

— கீறலா இருக்கும்.

— கீறல் இல்ல. ஒண்ணு. பக்கத்துல... ஏழு.

— கையை எடுங்க. நான் பார்க்கிறேன்.

— அண்ணே?

— பதினேழு.

— பொன்னையா அண்ணே, விசில் அடிக்கிறாங்க. வில்லையை மாட்டிட்டு வாங்க, றோட்டுக்குப் போயிருவோம். அண்ணே, கேக்குதா?

— ஓடுங்க நிலுக்ஷி, ஓடிப்போய்க் கத்துங்க. வேட்டு வெக்க வேணாம். உள்ள ஆள் இருக்கு.