லிட்டருக்குப் பதினான்கு

இரவு ஒன்று இருபது. நாற்பது கிலோமீட்டர் ரோடு. அதில் பாதி தூரத்துக்கு விளக்குக் கம்பமே கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்... அந்த ரோட்டில்தான் இது நடந்தது. எனக்கு இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பட்டப்பெயர் மைலேஜ். சொந்த மச்சினனே "என்ன மைலேஜ் அத்தான், சாப்டாச்சா?" என்றுதான் கேட்பான். பதினைந்து வருஷத்துப் பழைய டீசல் கார் ஒன்று வைத்திருந்தார். கம்பெனிக் காகிதத்தில் லிட்டருக்கு இருபத்திரண்டு என்று போட்டிருந்தது. காகிதத்தில் எந்தக் காரும் பறக்கும். ரோட்டில் பதினெட்டு கொடுத்தது, அதற்கே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை தவறாமல் டேங்க்கை வாய் வரை நிரப்புவார். அடுத்த சனிக்கிழமை மறுபடி வாய் வரை. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஏசி போடமாட்டார். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருட்டுவார். டீசல் மிச்சமாம். அந்த ரோட்டில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அது முடிந்து சமதளத்தில் ஒரு சின்னப் பாலம். அங்கே வண்டி வேகமெல்லாம் தீர்ந்து தவழும். நிற்கப்போகிற நிலைமையிலும் கியர் போட அவருக்கு மனசு வராது. ஆள் நடக்கிற வேகம்தான்... யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்து ஏறிக்கொள்ளலாம்.

வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். இரவு ஒரு மணிக்கு விடுவார்கள். அங்கேயே படுத்துக்கொள்ள அறை இருந்தது. ஆனால் வீட்டில் மூன்று மாதப் பெண் குழந்தை. அதன் முகத்தைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் தினமும் அந்த ரோடு.

ஒரு சனிக்கிழமை கணக்குப் போட்டார். பதினான்கு.

தப்பாக வகுத்திருப்போம் என்று மறுபடி போட்டார். பதினான்குதான். டயரில் காற்று பார்த்தார், பில்டர் மாற்றினார். அடுத்த வாரமும் பதினான்கு. ஏற்றத்தில் நாலாவது கியரில் போகிற வண்டி இரண்டாவது கேட்டது. குடும்பத்தோடு போகிற மாதிரி முக்கியது. ஒண்டி ஆள்தான் ஓட்டுகிறார்.

மெக்கானிக்கிடம் விட்டார். பட்டப்பகல். அவன் இன்ஜெக்டரைப் பார்த்தான், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். எல்லாம் சரி. பிறகு காருக்கு அடியில் படுத்து உள்ளே போனான். கீழேயிருந்து குரல் வந்தது.

"சார், பின் சீட்ல இருக்கறவங்களைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க. பின்னாடி ரொம்ப அமுங்கியிருக்கு."

"யாரும் இல்லையேப்பா..."

மெக்கானிக் வெளியே வந்தான். பின் சீட்டைப் பார்த்தான். சக்கரத்துக்கு மேலே எப்போதும் நாலு விரல் இடைவெளி இருக்கும். இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை. கையைத் துணியில் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

அன்று இரவு அவர் நியூட்ரலில் உருட்டவில்லை. பாலத்தை மூன்றாவது கியரில் விரட்டிக் கடந்தார். ஏற வேண்டியது என்றைக்கோ ஏறிவிட்டது என்று அவருக்கு உறைக்கவில்லை, பாவம்.

பாலம் தாண்டியதும்... பின்னால் சீட்டு ஸ்பிரிங், கிரீச். அப்புறம் ஒரு வாசனை. ஊதி அணைத்த விளக்குத் திரியின் வாசனை. கண்ணாடியில் பார்த்தார். வெறும் சீட்டு. அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார்...

அவர் சீட்டின் முதுகில் இரண்டு முழங்கால்கள் அழுந்தின.

அந்த ரோட்டில் வண்டியை நிறுத்த அவருக்குத் தைரியம் இல்லை. யாருக்குத்தான் இருக்கும்? வீட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. முழங்கால்கள் விலகவே இல்லை.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் உயிர் வந்தது. வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார்.

"தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

கிரீச். காரின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. கதவு திறந்த சத்தமும் இல்லை, மூடிய சத்தமும் இல்லை. இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை மாலை, வேலைக்குப் போகிற வழியில் டேங்க்கை வாய் வரை நிரப்பினார். வகுத்தார். பதினெட்டரை! நோட்டை மூடாமலே மனைவிக்குப் போன் போட்டார்.

"சரியாயிடுச்சும்மா! பழையபடி ஓடுது!"

"சந்தோஷம்ங்க. வரும்போது தொட்டிலுக்கு ஒரு ஸ்பிரிங் வாங்கிட்டு வாங்க. நாலஞ்சு நாளா இறங்கிட்டே வருது. இன்னிக்குத் தரையையே தொட்டுடுச்சு."

அவள் குரலுக்குப் பின்னால் தொட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்...

பம்ப்பில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"பாப்பாவைத் தூக்கு! முதல்ல தொட்டில்லேர்ந்து பாப்பாவைத் தூக்கு!"

"ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றாள் அவள். "பாப்பா அப்போலேர்ந்து என் மடியிலதானே தூங்கிட்டிருக்கா..."