நாலு பேர் ஏறும் பஸ்

— இந்தா சீதா, உன்ர கொம்ப்யூட்டரைத் திற. செல்வரத்தினம் கொதிச்சுப்போய் நிக்கிறான் எண்டு முதல் வரியிலயே அடி.

— உக்காருங்க அங்கிள். இந்தத் தடவை யாரு மேல? பக்கத்து மனையில ஃபிளாட் கட்ட வந்தவன் மேலயா?

— அவனை மூண்டு வருசமா அப்பீல் போட்டு மறிச்சு வச்சிருக்கிறன், அவன் கிடக்கட்டும். எங்கட த்ரீ கிங்ஸ் ஏரியா பஸ்ஸை நிப்பாட்டப் போறாங்களாம்! கவுன்சில் கடிதத்தைப் பார்.

— ஐயோ! உஷா ஆண்ட்டியப் பாக்க எப்படிப் போவீங்க?

— அதைத்தானே கேக்கிறன். கண் மங்கலெண்டு லைசென்ஸையும் பறிச்சிட்டாங்கள். பாபகூராவில முதியோர் ஹோமில என்ர மனுசி என்ர கையால ஊட்டினாத்தான் மத்தியானம் சாப்பிடுவாள். நர்ஸ்மார் குடுத்தா வாயை இறுக்கிப்போடுவாள். எனக்குப் பயமா இருக்கு, பிள்ளை.

— இருங்க, படிக்கிறேன். டிக்கெட் காசு இன்னும் கூட வந்தாத்தான் அரசாங்கம் மானியம் தருமாம். நம்ம ஸ்டாப்புல ஒரு நாளைக்கு நாலே பேர்தான் ஏறுறாங்களாம்.

— பச்சைப் பொய்! எந்த விசரன் எண்ணினவன்?

— ம்ம்... 'செல்வரத்தினம், த்ரீ கிங்ஸ், தொண்ணூறு நாள் எண்ணியது'ன்னு போட்டிருக்கு.

— என்ன?

— ஃபிளாட் ஆட்சேபணையில என்ன எழுதுனீங்க, அங்கிள்?

— இஞ்ச ஒருத்தரும் பஸ் ஏறுறேல்லை, ஃபிளாட் வந்தா எல்லாரும் கார் வாங்கி ரோட்டை நிரப்புவினம் எண்டு... ஜன்னலடியில இருந்து எண்ணினனான்.

— நிஜமாவே நாலு பேரா?

— ஏழு. நல்லா உறைக்கட்டுமெண்டு குறைச்சனான். என்னையும் சேக்கேல்லை.

— சூப்பர்! உங்களுக்கு வேற எதிரியே வேணாம்.

— நக்கலடியாதை. இப்ப என்ன செய்யிறது?

— வீடு கூடினா பஸ்ஸைத் திரும்ப விடுறதப் பத்தி யோசிப்பாங்களாம், கீழ போட்டிருக்கு. அந்த ஃபிளாட்ல அறுபது வீடு உங்க அப்பீல்லதான் தொங்குது. அதை வாபஸ் வாங்கிடுங்க.

— வாபஸோ? நானோ?

— நீங்க வாங்கலைன்னாலும் புதுச் சட்டம் வரப்போகுது. அப்புறம் ஃபிளாட் கட்டுறதுக்கு பக்கத்து வீட்டுக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

— கட்டி முடியுமட்டும் உஷா பட்டினியோ?

— நான் மனுரேவாவுக்கு வேலைக்குப் போறேன்ல? கார்ல ஏறிக்கங்க. அங்கேருந்து பாபகூராவுக்கு ரயில்.

— அப்ப வாபஸ் எண்டு இப்பவே எழுது, பிள்ளை. என்னை ஆராவது கேக்கிறது இதுதான் கடைசி. ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போறன்.