பிள்ளை என்று பெயர்த்த பெருமாட்டிக்கு

பன்மொழி பயின்றும் பணிவு குன்றாப் பண்பாட்டியே! நாவில் நேர்மை குடியிருக்கும் நங்கை ஹோ உயென் அவர்களே!

தோங் ஹா அருங்காட்சியகத்தின் மொழிபெயர்ப்பாளராய் முடி நரைக்க உழைத்து விடைபெறும் உங்களை, உடன் உழைத்தோர் நெஞ்சார வணங்குகிறோம்.

பிரெஞ்சுக்காரர் வந்தார், ஜப்பானியர் வந்தார், அமெரிக்கர் கொரியரையும் கூட்டிக்கொண்டு வந்தார், சீனரும் ருசியரும் வடக்கே ஆயுதம் தந்தார். அத்தனை பேரும் உதவத்தான் வந்தார்களாம். கூப்பிட்டது யார் என்று அவரவர் மொழியில் சிரித்த முகத்தோடு கேட்கத் தெரிந்தவர் நம்மில் நீங்கள் ஒருவரே!

லுவா அம்மையாரை மறப்போமா? ஒரே மகனைப் போரில் இழந்து, அவன் புதைந்த இடமும் தெரியாதிருந்தார். அன்று எதிரணியில் நின்ற அமெரிக்கர் ஒருவர், அந்த இடத்தைக் கைப்பட வரைந்து எடுத்துக்கொண்டு தேடி வந்தார். தாய் சம்மதியாமல் எலும்பைத் தொடுவது நம் வழக்கமில்லை. அம்மையாரோ, கொன்ற கையிலிருந்து எதையும் வாங்கமாட்டேன் என்று திரும்பி அமர்ந்து வெற்றிலை மென்றார்.

வந்தவர் ‘நான்’ என்று தொடங்கினார். பெரியவர் முன் வெறும் ‘நான்’ நம் மொழியில் மரியாதையாகாது. உறவு சொல்லித்தான் வாய் திறக்கவேண்டும். நீங்கள் ‘பிள்ளை நான்’ என்று பெயர்த்தீர்கள். கூடியிருந்தோர் திடுக்கிட்டோம். அம்மையார் திரும்பினார்.

“பிள்ளைன்னு அவன் சொன்னானா, நீயாச் சொன்னியா?”

ஒரு பொய் போதும், காரியம் கைகூடியிருக்கும்.

“நான்தாம்மா சொன்னேன். அவங்க பாஷையில அதுக்குத் தனிச்சொல்லு இல்ல.”

எல்லாம் கெட்டது என்றே நினைத்தோம்.

“பிள்ளைன்னா எலும்பெடுக்க வரணும். ஒரு சொல்லு விடாம அவங்கிட்டச் சொல்லு.”

சொன்னீர்கள். மண்வெட்டி எங்கே என்று கேட்டார் அவர். அதையும் பெயர்த்தீர்கள்.

தோண்டி எடுத்த எலும்புகளை நம் வழக்கப்படி அரிசிச் சாராயத்தில் கழுவுகையில், அம்மையார் துணியின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் துடைத்தார்கள். அப்போது உங்களுக்கு அங்கே வேலையில்லை. ஓரமாய் நின்று அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

மாசில்லா மனத்தவரே! நோயின்றி நூறாண்டு வாழ்க! பேரப்பிள்ளைகளோடு பெருகி வாழ்க! மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அத்தகைய நாட்கள் உங்களுக்கும் இந்த மண்ணுக்கும் நிறைய வாய்க்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
அருங்காட்சியகப் பணியாளர்கள்,
தோங் ஹா.