கேள்வி இல்ல, தகவல்

டீச்சர்: …இல்ல, நிறுத்துங்க. கேள்வி கேட்டா போனை வச்சிடுவேன்னு சொன்னேனா இல்லையா?

கிரேன்காரர்: கேள்வி எங்க கேட்டேன்? தகவல் சொல்றேன். பெயிண்ட் கடையில நிக்கிறேன். நீலம் இருக்கு. மஞ்சள் இருக்கு. அவ்வளவுதான்.

டீச்சர்: சரி. தகவல் வந்து சேர்ந்துச்சு.

கிரேன்காரர்: ம்…

டீச்சர்: ம்…

கிரேன்காரர்: நீலம்னா கொஞ்சம் இருட்டடிச்ச மாதிரி…

டீச்சர்: பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க!

கிரேன்காரர்: இது புலம்பல்மா. புலம்புறதுக்கு டாக்டர் தடை போடல.

டீச்சர்: ஒரு மாசம் தனியா ரூம் எடுத்துத் தங்கச் சொன்னாரு. தினம் ஒரு முடிவு, பொண்டாட்டியைக் கேக்காம எடுத்து நோட்டுல எழுதணும்னாரு. இருபத்தொன்பது நாள் தாக்குப் பிடிச்சிட்டு முப்பதாவது நாள் வந்து மாட்டிக்கிறீங்களே. நாளைக்கு அவர் முன்னாடி உட்காரணும். நோட்டுல எழுதினீங்களா இல்லையா?

கிரேன்காரர்: எழுதாம? முதல் நாள், எந்த நோட்டு வாங்குறதுன்னு தெரியல. ரெண்டாம் நாள், அதே.

டீச்சர்: கடவுளே.

கிரேன்காரர்: மூணாம் நாள் கடைக்காரரே ஒண்ணை எடுத்துக் கையில திணிச்சாரு. அதை என் முடிவுன்னு எழுதிக்கிட்டேன்.

டீச்சர்: வேலையில மட்டும் எப்படிங்க? நாற்பது டன் கன்டெய்னர் பெட்டி அந்தரத்துல தொங்குது…

கிரேன்காரர்: கீழ ஒருத்தன் கையைக் காட்டுறானே! ஏத்துங்கிறான், ஏத்துறேன். இறக்குங்கிறான், இறக்குறேன். இருபது வருஷத்துல ஒரு விபத்து இல்ல. வீட்டுலதான்… நீ கையைக் கீழ போட்டுட்ட.

டீச்சர்: போடல. வலிச்சுது.

கிரேன்காரர்: …தெரியும்.

பெயிண்ட் கடைக்காரர்: சார், ஒரு மணி நேரமா நிக்கிறீங்க. ஸ்டூல் போடட்டுமா?

கிரேன்காரர்: ஸ்டூலா… ஒரு நிமிஷம் இருங்கண்ணே. ஏம்மா, இவர் ஸ்டூல்…

டீச்சர்: உட்காருங்க! …ச்சே. என்னைச் சொல்ல வச்சிட்டீங்க பாருங்க.

கிரேன்காரர்: உட்கார்ந்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. டாக்டர் இதுக்கு வச்சிருக்கிற பேரு தெரியுமா? சார்பு ஆளுமைக் கோளாறு. எனக்கு ஆளுமைன்னு ஒண்ணு இருக்குறதே அது ரிப்பேரான பிறகுதான் தெரியும்.

டீச்சர்: விளையாடாதீங்க. வேற என்ன சொன்னாரு?

கிரேன்காரர்: இது சோம்பேறித்தனம் இல்லையாம், பயமாம். விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயத்துலயே எல்லாத்துக்கும் தலையாட்டுறதாம். வெளியே பாக்க அன்பு மாதிரி இருக்கும், கூட இருக்கிறவங்களுக்குப் பாரமாயிடும்னாரு.

டீச்சர்: நீங்க என்ன சொன்னீங்க?

கிரேன்காரர்: தலையாட்டினேன்.

டீச்சர்: சிரிப்பு காட்டாதீங்க, பக்கத்துல பசங்க பரீட்சை எழுதுறாங்க.

கிரேன்காரர்: சிரிச்சுட்டல்ல?

டீச்சர்: சிரிக்கிற விஷயமாங்க இது? காய்ச்சல்ல நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, என்ன சாப்பிடுறதுன்னு சொல்ல ஆள் இல்லாம ரெண்டு நாள் பட்டினி கிடந்தீங்க. வயித்தெரிச்சல் தாங்காம, 'நான் செத்தா என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டேன்.

கிரேன்காரர்: அதை ஏன் இப்ப…

டீச்சர்: 'என்ன பண்ணட்டும்?'னீங்க.

கிரேன்காரர்: உன்னைத்தானே கேட்டுப் பழக்கம்…

டீச்சர்: அன்னிக்குத்தான் பயந்துட்டேன். இத்தனை வருஷமும் ஒத்தையாத்தான் குடித்தனம் நடத்தியிருக்கேன்னு.

கிரேன்காரர்: ம். ஆனா டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. இது தானா இவ்வளவு வளந்துடலையாம். பக்கத்துல இருந்து தண்ணி ஊத்தியிருக்காங்களாம்.

டீச்சர்: யாரு?

கிரேன்காரர்: பேர் சொல்லல. கண்ணாடி போட்டிருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடும்னாரு.

டீச்சர்: ஓஹோ.

கிரேன்காரர்: ஒரு தடவை நானா ஒரு நாற்காலி வாங்கிட்டு வந்தேன்.

டீச்சர்: கால் ஆடுச்சுங்க அது.

கிரேன்காரர்: ஆடல.

டீச்சர்: …ஆடல. சும்மா சொன்னேன். என்னைக் கேக்காம வாங்கினது பொறுக்கல.

கிரேன்காரர்: சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்ட. ஒரு தடவைகூட அதுல உட்காரல நான்.

டீச்சர்: நீங்க கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். மடிச்ச துணியைப் பிரிச்சு மடிப்பேன். நீங்க புரண்டு படுத்தாக்கூட, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்னு…

கிரேன்காரர்: நானும் இந்தப் பக்கம் புரண்டிருக்கேன்.

டீச்சர்: நல்லா வாய்ச்சோம் போங்க, ஒருத்தருக்கொருத்தர்.

கிரேன்காரர்: ஆமா, நாளைக்கு மறுபடி ஒண்ணா இருக்கலாமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லுவாருன்னுதானே நினைச்சேன்? அவர் சொல்ல மாட்டாராம். நாமளே சொல்லணுமாம்.

டீச்சர்: ம்.

கிரேன்காரர்: எந்தச் சுவருக்குப் பெயிண்ட்டுன்னு நீ இன்னும் கேக்கல. கேக்காம விடுறவ இல்லையே நீ?

டீச்சர்: பசங்க பேப்பர் திருத்திக்கிட்டிருக்கேன்…

கிரேன்காரர்: இப்பத்தானே பரீட்சை எழுதுறாங்கன்ன? …சரி. கேளு. இது நம்ம வீட்டுக்கு இல்ல. நான் தங்கியிருக்கிற ரூமுக்கு. மூணு நாள் முன்னாடி, இன்னும் ஒரு வருஷத்துக்கு வாடகைப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். யாரையும் கேக்கல. ரெண்டு தடவை பேனாவைக் கீழ வச்சேன், ஆனா போட்டுட்டேன். உன்னை விட்டுட்டுப் போறதுக்கு இல்லம்மா, சத்தியமா. இப்பவே வந்தா, செருப்பை எங்க விடட்டும்னு உன்னைக் கேட்டுக்கிட்டேதான் உள்ள வருவேன். அப்படி ஒருத்தன் உனக்கு இனிமே வேண்டாம். ஞாயித்துக்கிழமை எல்லாம் வரேன். மீதி நாள் நான் ஒரு மனுஷனா இருந்து பாக்குறேன். …கோபமா? ஏதாவது சொல்லு. திட்டவாவது திட்டு.

டீச்சர்: தெரியும். நீங்க குடிபோன அன்னிக்கே ரூம் ஓனர் நம்பரை வாங்கி, கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னவ நான். தினம் போன் பண்ணி, போர்வை மாத்துனீங்களா, நேரத்துக்குச் சாப்பிட்டீங்களான்னு அவர் உயிரை எடுத்தவ. கையெழுத்துப் போட்ட அரை மணி நேரத்துல சொல்லிட்டாரு. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டு, உங்களைக் கையோட கூட்டிட்டு வரணும்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு, அழுதுகிட்டே திரும்பி வந்தேன். எனக்கும் அந்த டாக்டர் ஒரு நோட்டு குடுத்திருக்காருங்க. தினம் ஒரு விஷயத்துலயாவது உங்களை உங்க இஷ்டத்துக்கு விடணுமாம். இருபத்தாறு பக்கம் வெறுமனே கிடக்கு. கடைசி மூணு நாளுதான், 'இன்னிக்கும் போய்க் கூட்டிட்டு வரல'ன்னு எழுதியிருக்கேன்.